நாலாவது ஜோடி பிக்கப்

கேள்வி:

அண்ணா, எனக்கு வயது 34. சிங்கப்பூர் உட்லண்ட்சில் வீவக அடுக்குமாடி வீடு, செமிகண்டக்டர் ஆலையில் ஷிப்ட் வேலை. என்னிடம் ஆறு பேஸ் கிட்டார் இருக்கிறது. எல்லாம் பாம் ஷெல்டரில், அதாவது வீட்டுக்குள் இரும்புக் கதவு போட்ட பாதுகாப்பு அறையில். நண்பர்களோடு சேர்ந்து தீபாவளி நிகழ்ச்சி, கல்யாண வரவேற்பு என்று 80களின் பாட்டுகள் வாசிக்கிறோம். அவற்றில் ஜாஸ் பேஸ் என்ற மாடலுக்கு மட்டும் இதுவரை இரண்டு முறை பிக்கப் ஜோடியை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மாற்றிவிட்டேன். கூடவே வந்த முதல் ஜோடி ஒரே இரைச்சல். அடுத்து இரைச்சல் இல்லாத ரகம் வாங்கினேன், அதில் உயிரே இல்லை. மூன்றாவதாகப் பழைய முறையில் சுற்றிய ஜோடி. நானே சால்டர் செய்து மாட்டினேன். இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் அடிச்சத்தம் காணாமல் போகிறது, இரைச்சலும் திரும்பி வந்துவிட்டது. இப்போது வெளிநாட்டில் 420 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒரு ஜோடி பார்த்து வைத்திருக்கிறேன். இதிலாவது அந்தச் சத்தம் வருமா? ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் பிக்கப்களை ஒப்பிடும் வீடியோ பார்த்தே விடிந்துவிடுகிறது. நண்பர்கள் எனக்குக் 'கேஸ்' என்கிறார்கள். மனைவி போன மாதம் கார்டு பில்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை; அதுதான் பயமாக இருக்கிறது. இது வியாதியா?

பெயர் வேண்டாம், உட்லண்ட்ஸ்

பதில்:

தம்பி, வாங்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்தால், நீங்கள் அங்கே வந்து சேர்வதற்குள் ஆர்டர் போட்டு முடித்திருப்பீர்கள்.

நீங்கள் அனுப்பிய முழுக் கடிதம் இரண்டு பக்கம். மேலே வந்திருப்பது சுருக்கம். முழுவதையும் இரண்டு முறை படித்தேன். பதினான்கு சாமான்களின் மாடல், வருடம், நிறம்வரை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஜாஸ் பேஸில் என்ன கம்பி போட்டிருக்கிறீர்கள், கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு வரி இல்லை. இப்போது எந்தப் பாட்டைப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகக் காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் கிட்டார் பழுது பார்க்கிறேன். பிக்கப் மாற்ற வேண்டும் என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது கம்பியைப் பற்றித்தான். பாதிப் பேர் விட்டத்தைப் பார்ப்பார்கள்.

'கேஸ்' என்பது பழைய கேலி. ஸ்டீலி டான் குழுவின் வால்டர் பெக்கர் 1990களில் ஒரு கிட்டார் பத்திரிகையில் வேடிக்கையாக எழுதினார். கிட்டார் வாங்கிக் குவிக்கும் கோளாறுக்கு ஆங்கிலத்தில் ஒரு நீளப் பெயர் வைத்தார்; முதலெழுத்துகளைச் சேர்த்தால் வாய்வு என்று வரும். பிறகு அது பெடல், ஆம்ப், கேபிள் என்று எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. எனக்கும் கேஸ் என்று நான் வீட்டில் முதன்முதலாகச் சொன்ன அன்று என் மனைவி ஓமத் தண்ணீர் காய்ச்சி வைத்தாள். வியாதியா என்றால், நான் டாக்டர் இல்லை. இந்த ஆசையால் பிழைப்பு நடத்துகிற ஆள். நீங்கள் அந்த 420 வெள்ளி ஜோடியை வாங்கினால், மாட்டுகிற கூலி எனக்கே வரலாம். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் வேண்டாம் என்கிறேன்.

சரி, உங்கள் மூன்று ஜோடிகளுக்கு வருவோம். எனக்கு இதுதான் சுவாரசியமான இடம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது.

ஜாஸ் பேஸ் பிக்கப் என்பது ரொம்ப எளிய சாமான். கம்பிக்கு இரண்டு வீதம் எட்டுக் காந்தக் குச்சிகள். அவற்றைச் சுற்றித் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி, பல ஆயிரம் சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அவ்வளவுதான். 1960-இல் லியோ ஃபெண்டர் இதைக் கொண்டுவந்தபோது என்ன நடந்ததோ அதுவே இன்றும் நடக்கிறது. (அவர் ரேடியோ பழுது பார்த்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாது. எனக்கு மனசு சரியில்லாத நாளில் இதை நினைத்துக்கொள்வேன்.)

அந்தச் சுருள் கம்பியின் அதிர்வை மட்டும் பிடிக்காது, அறையில் இருக்கிற மின்சார இரைச்சலையும் பிடிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உங்கள் தடித்த கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டை) வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது இரைச்சலின் அடித்தளம் நீங்கள் வாசிக்கிற சுரத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. அதற்கு மேலே 100, 150 என்று அதன் பேரப்பிள்ளைகள் வேறு. இதைச் சமாளிக்கத்தான் இந்தக் கால ஜாஸ் பேஸ்களில் இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்திருப்பார்கள். இரண்டு வால்யூமையும் சமமாகத் திறந்தால் இரைச்சல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கம்பியின் சத்தம் மட்டும் சேர்ந்து வரும். ஒன்றை மட்டும் திறந்தால் இரைச்சல் கேட்கத்தான் செய்யும். அது கோளாறு இல்லை.

முழுக் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: முதல் ஜோடியை "கம்ப்யூட்டர் மேசையில் உட்கார்ந்து, பின் பிக்கப்பை மட்டும் வைத்து" கேட்டதாக. தம்பி, அப்படிக் கேட்டால் எவ்வளவு விலையுள்ள சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்பும் உறுமும். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்திருந்தாலே இரைச்சல் பாதியாகியிருக்கும். முன் பிக்கப்பையும் சேர்த்துத் திறந்திருந்தால் ஏறக்குறைய அடங்கியிருக்கும். முதல் ஜோடி தப்பே செய்யவில்லை.

மூன்றாவது ஜோடி. இரண்டையும் திறந்தால் அடிச்சத்தம் மெலிகிறது, இரைச்சல் கூடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் என் பட்டறையில் நான் பேஸைக் கையில் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்: ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் மாற்றிச் சால்டர் செய்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். சேர வேண்டிய சத்தம் ஒன்றையொன்று அழிக்கும், அழிய வேண்டிய இரைச்சல் ஒன்றோடொன்று சேரும். தனித்தனியாக வாசித்தால் இரண்டும் நன்றாகத்தான் கேட்கும். அதனால்தான் கண்டுபிடிக்க முடியாமல் பிக்கப்பைத் திட்டியிருக்கிறீர்கள். ஏதாவது ஒரு பிக்கப்பின் இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றினால் போதும். பத்து நிமிட வேலை, அதுவும் சால்டரிங் அயர்ன் சூடாகும் நேரத்தைச் சேர்த்து.

நடுவில் வந்த இரண்டாவது ஜோடியைப் பற்றி உறுதியாகச் சொல்லமாட்டேன். அந்த ரகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுருள் இருக்கும். உச்சஸ்தாயியின் பளபளப்பு கொஞ்சம் குறைந்தாற்போலத் தோன்றலாம். ஆனால் என் சந்தேகம் வேறு. அதை மாட்டியபோது உயரம் பார்த்தீர்களா?

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வெள்ளி மதிப்புள்ள சிங்கப்பூர் நாணயம் எடுங்கள், 2013-இல் வந்த இரட்டை நிறத்துப் புது நாணயம். அதன் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர். மிக மெல்லிய கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கும் காந்தக் குச்சிக்கும் நடுவே நாணயத்தை நுழையுங்கள். காந்தம் நாணயத்தைப் பிடித்து இழுக்கும், பயப்பட வேண்டாம். கம்பியைத் தொட்டும் தொடாமலும் நாணயம் உள்ளே போனால் அந்தப் பக்கம் சரியான உயரம். தடித்த கம்பிப் பக்கம் பிக்கப் இன்னும் கொஞ்சம் தாழ, இடைவெளி மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். நட்சத்திர ஸ்குரூ டிரைவரால் பக்கத்துக்கு அரைச்சுற்று, கால்சுற்று என்று திருப்புங்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் வாசித்துப் பாருங்கள். ஸ்குரூவைத் தளர்த்தியும் பிக்கப் மேலே எழும்பவில்லை என்றால் அடியில் இருக்கும் பஞ்சு நைந்துபோயிருக்கிறது. இந்த ஊர் ஈரத்துக்கு அது சகஜம்.

போன வருடம் ஒருவர் வந்தார். பேஸில் உயிரில்லை, புதுப் பிக்கப் வேண்டும் என்றார். பார்த்தால், முன் பிக்கப் கம்பியில் மோதுகிற அளவுக்கு உயர்ந்து நிற்கிறது, பின் பிக்கப் பள்ளத்தில் கிடக்கிறது. முன்னதை இரண்டு சுற்று இறக்கினேன், பின்னதை ஏற்றினேன். ஒரு பாட்டு வாசித்தார். பிறகு பிக்கப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ன மாடல் அண்ணே?" என்று கேட்டார். அவருடையதுதான்.

உயரம் ஏன் இவ்வளவு பேசுகிறது என்றால், காந்தத்துக்கும் கம்பிக்கும் உள்ள தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறினால் சத்தத்தின் பலமும் மாறும், தன்மையும் மாறும். ரொம்பக் கிட்டே போனால் காந்தமே கம்பியைப் பிடித்து இழுத்து, சுரம் நீளாமல் தளும்பும். பிக்கப்பின் பெட்டியில் போட்டிருக்கும் கிலோ ஓம் கணக்கை (சுருளின் மின்தடை) எல்லாரும் குதிரைத்திறன் மாதிரி பேசுகிறார்கள். ஜாஸ் பிக்கப்பில் ஏழு எட்டு கிலோ ஓம் இருக்கும். மெல்லிய கம்பியால் சுற்றினாலும் அந்த எண் ஏறும், அதிகச் சுற்று சுற்றினாலும் ஏறும். அதை மட்டும் பார்த்துச் சத்தத்தைச் சொல்ல என்னாலேயே முடியாது.

இன்னொன்று, காசு செலவில்லாதது. ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் நடு அலைவரிசைகள் சில அழிந்து, சத்தம் கொஞ்சம் குழிந்துவிடும். கம்பியின் இரண்டு இடங்களிலிருந்து ஒரே அதிர்வை எடுக்கிறோம் அல்லவா, அதனால். வீட்டில் தனியாகக் கேட்க அது இனிப்பாக இருக்கும். கல்யாண மேடையில் கீபோர்டும் தபேலாவும் சேர்ந்ததும் பேஸ் எங்கே என்று தேட வேண்டியதுதான். பின் வால்யூமைச் சற்றே, விரல் நகம் அளவுக்குத் திருப்பிக் குறையுங்கள். நடுச்சத்தம் எழுந்து வரும். இரைச்சல் கடுகளவு கூடும், மேடையில் அது யாருக்கும் கேட்காது.

கம்பி விஷயத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நம் கை வியர்வைக்கு, வரிவரியாக இருக்கும் புது ரவுண்ட்வூண்ட் கம்பி சில வாரங்களில் செத்துப்போகும். செத்த கம்பிக்கு மேல் எந்தப் பிக்கப்பை வைத்தாலும் செத்த சத்தத்தைத்தான் அது விசுவாசமாகக் கொண்டுவரும். அந்த 420 வெள்ளிக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி மட்டும் 37 வெள்ளி 80 காசு ஆகிறது. கிட்டத்தட்ட ஒரு செட் பேஸ் கம்பியின் விலை. மொழுமொழுவென்ற பழைய சத்தம்தான் வேண்டுமென்றால் வழவழப்பான ஃபிளாட்வூண்ட் கம்பி போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் வருடத்துப் பிரிசிஷன் பேஸ் ஒன்றில், ஒரே பிக்கப்பில், லா பெல்லா ஃபிளாட்வூண்ட் போட்டு, அறுந்தாலொழியக் கம்பி மாற்றாமல், வலது கையின் ஒரே விரலால் வாசித்தார். பிரிஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். அவருடைய சாமான் பட்டியல் அவ்வளவுதான்.

நீங்கள் வாசிப்பது 80களின் பாட்டு என்கிறீர்கள். இளையராஜாவின் குழுவில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். அந்தப் பாட்டுகளில் பேஸ் சும்மா அடித்தளம் போட்டுக்கொண்டு நிற்காது, பாடுகிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே நடக்கும். ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதில்தான் அதன் அழகு. நிறுத்துவது இடது கை. அவர் என்ன பிக்கப் வைத்திருந்தார் என்று கேட்டு எனக்கு நிறையப் பேர் எழுதுகிறார்கள். இடது கையைப் பற்றி இதுவரை ஒரே ஒரு பெண் கேட்டிருக்கிறார், பதினாறு வயது.

இனி அந்த வீடியோக்கள். ஒப்பிடும் வீடியோவில் சத்தம் கூடுதலாக இருப்பது எப்போதும் நல்ல பிக்கப் மாதிரி கேட்கும். காதின் பழக்கம் அது. இரண்டு பிக்கப்பின் அளவையும் யாராவது சமப்படுத்திக் காட்டினார்களா என்று பாருங்கள். அப்புறம், நீங்கள் கேட்பது போன் ஸ்பீக்கரில். உங்கள் தடித்த கம்பியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். போன் அதைக் கொண்டுவரவே முடியாது. வீட்டில் இருக்கும் உங்கள் எட்டு அங்குல ஆம்புக்குக்கூட அது திணறல்தான். மேலே இருக்கும் 82, 123 ஹெர்ட்ஸ் சத்தங்களைக் கேட்டு, மூளை அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. மூளை நிரப்பியதை வைத்து 420 வெள்ளி முடிவு எடுக்க வேண்டாம்.

உங்களைத் திட்டுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. ஒரு காலத்தில் என் டிராயரில் பத்தொன்பது பிக்கப் கிடந்தது. ஐந்து கம்பி, உள்ளே பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப், அடி, நடு, உச்சச் சத்தத்தைத் தனித்தனியாகத் திருத்தும் மூன்று பேண்ட் ஈக்யூ வைத்த ஒரு பேஸை ஒரு வருடம் பணம் சேர்த்து வாங்கினேன். வாங்கிய மூன்றாம் வாரம் ஒரு கல்யாண வரவேற்பு. முந்தின நாள் ஒத்திகை முடிந்து ஜாக்கைக் கழற்றாமல் தூங்கிவிட்டேன். ஆக்டிவ் பேஸில் ஜாக் உள்ளே இருக்கிறவரை ஒன்பது வோல்ட் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். அது தெரிந்த ஆள்தான் நான். மணமக்கள் மேடை ஏறி நிற்கிறார்கள், பாட்டு இரண்டாவது சரணம், என் பேஸ் முதலில் கரகரத்தது, பிறகு இருமியது, பிறகு மூச்சே இல்லை. டிரம்மரின் மைத்துனர் காரில் பெயிண்ட் உரிந்த ஒரு பழைய பேஸ் வைத்திருந்தார். ஒரு பிக்கப், இரண்டு நாப், துருவேறிய கம்பி. அதில் மிச்ச நிகழ்ச்சியை முடித்தேன். மிக்சரில் இருந்த அண்ணன் கேபிள் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "பாதிக்கு மேல என்ன பண்ணீங்க? அதுக்கப்புறம்தான் பேஸ் கேட்டுச்சு."

நான் அன்றைக்குத் திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். அடுத்த மாதமே அந்தப் பெயிண்ட் உரிந்த ரகத்தைத் தேடி வாங்கினேன். அதுவும் கேஸ்தானே.

ஆனால் உங்கள் கடிதத்தில் வேறு ஒன்று கண்ணில் பட்டது. ஷிப்ட் முடிந்து நீங்கள் வீடு வருவது நடுராத்திரிக்கு மேல். மனைவி தூங்குகிறார். பேஸ் ஆறும் ஷெல்டருக்குள். அந்த இரும்புக் கதவின் கைப்பிடியைத் திருப்பினால் என்ன சத்தம் வரும் என்று வீவக வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். உள்ளே போனால் அரிசி மூட்டை, சூட்கேஸ், அதற்குப் பின்னால் உறைகள், ஒவ்வொன்றுக்கும் ஜிப். அதனால் சோபாவில் உட்கார்ந்து போனை எடுக்கிறீர்கள். வாசிக்க முடியாத நேரத்தில் வாசிப்பதற்குப் பக்கத்தில் வருகிற ஒரே வேலை, வாசிக்கிற சாமானைப் பார்ப்பது. ஆசை உங்களைப் பிடித்துக்கொண்டதில் அந்தக் கதவுக்குப் பாதிப் பங்கு உண்டு என்பேன்.

ஒரு பேஸை வெளியே எடுங்கள். ஸ்டாண்டு ஒன்று, ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில், உறை இல்லாமல். ஜன்னல் வெயிலும் ஏர்கான் காற்றும் நேரடியாகப் படாத மூலை. ஆம்பே வேண்டாம்; ஆம்பில் செருகாத பேஸ் சத்தம் பக்கத்து அறைக்குக்கூடப் போகாது. வேண்டுமென்றால் ஜாக்கில் செருகுகிற சின்ன ஹெட்போன் ஆம்ப் போதும். (ஆமாம், நான் ஒன்று வாங்கச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். உங்கள் பதினான்கு சாமான் பட்டியலில் அது ஏற்கெனவே ஏழாவதாக இருக்கிறது.) வந்து உட்கார்ந்ததும் கைக்குப் போன் அகப்படுகிறதா பேஸ் அகப்படுகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு வாரம் செய்துவிட்டு எழுதுங்கள்.

ஷெல்டரைப் பற்றி ஒரு தொழில் எச்சரிக்கையும் உண்டு. கதவை மூடினால் காற்றோட்டம் குறைவு, ஈரம் உள்ளேயே தங்கும். டிசம்பர், ஜனவரி மழைக்குப் பிறகு என் மேசைக்கு வருகிற பேஸ்களில் பாதி அப்படி அடைத்து வைத்தவை. கம்பியில் துரு, நாப் திருப்பினால் பொரிகிற சத்தம், நெக் வளைந்து கம்பி எழும்பியிருக்கும். அப்போதும் ஆள் சொல்வது, சத்தம் சரியில்லை, பிக்கப் மாற்றலாமா. உள்ளே வைத்தே ஆக வேண்டுமென்றால் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், ஈரமானி ஒன்று மாட்டுங்கள், 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கட்டும். உறைகளுக்குள் போடும் சிலிக்கா ஜெல் பை நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். மூன்று வருடப் பையை உள்ளே வைத்துக்கொண்டு பாதுகாப்பு என்று நம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எதை விற்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஆறில் ஒன்றின் பெட்டியையே இன்னும் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திறக்காதீர்கள். அப்படியே கேரசல் விற்பனைத் தளத்தில் போடுங்கள். திறந்த நிமிடத்தில் விலை இறங்கும். அடிமாட்டு விலை கேட்டு நாலு பேர் வருவார்கள், பதில் சொல்லாமல் விடுங்கள், ஐந்தாவது ஆள் வருவார். அப்புறம் விற்க வேண்டியது கம்பி நீளம் குறைந்த ஷார்ட் ஸ்கேல் பேஸ். ஜாஸையும் பிரிசிஷனையும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கம்பி உங்கள் பாடகர் சுருதி மாற்றுகிற பழக்கமுள்ளவரா என்பதைப் பொறுத்தது. ஃபிரெட் இல்லாத ஃபிரெட்லெஸ் பேஸை எனக்கே விற்கச் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் கடைசியாக அதை எப்போது எடுத்தீர்கள் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி நீளமாகப் பேச நான் ஆள் இல்லை. இரண்டு கார்டில் 12 மாதத் தவணை போகிறது, ஒன்றைத்தான் மனைவி பார்த்திருக்கிறார் என்று முழுக் கடிதத்தில் இருக்கிறது. மற்றதையும் நீங்களே காட்டிவிடுங்கள், இந்த வாரமே, மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதி. தவணை கட்ட முடியாமல் கார்டு பாக்கி நின்றால் வருட வட்டி 25 விழுக்காட்டுக்கு மேல் ஏறும். ஒரு கார்டைக் கட்ட இன்னொரு கார்டு என்ற நிலை வந்திருந்தால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அமைப்பிடம் போங்கள். அதற்குச் சால்டரிங் அயர்ன் உதவாது. உங்கள் மனைவி பேசாமல் இருந்ததற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. பாம் ஷெல்டரில் அவருக்கு ஒரு அலமாரி காலி செய்து கொடுத்துப் பாருங்கள்.

சாமான் மேல் ஆசையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போய், மாடி மாடியாக ஏறி, நாலு பேஸ் வாசித்துவிட்டு, கீழே கோப்பி குடித்துவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். அங்கே போனால் உங்கள் குழு வாசிக்கிற பாட்டையே வாசித்துப் பாருங்கள், கடையில் எல்லாரும் வாசிக்கிற, கம்பியைக் கட்டைவிரலால் தட்டும் ஸ்லாப் வித்தையை விட்டுவிடுங்கள்.

இப்போது ஜாஸ் பேஸ். என் யோசனை: டிராயரில் இருக்கும் முதல் ஜோடியைத் திரும்ப மாட்டுங்கள். மூன்றாவது ஜோடி நல்ல சாமான்தான், வயரை மாற்றினால் நன்றாகவே பாடும். ஆனால் அதை விற்றால் காசு வரும். கூடவே வந்த முதல் ஜோடியை யாரும் வாங்கமாட்டார்கள். பேஸையே ஒருநாள் விற்க நேர்ந்தால் ஒரிஜினல் பிக்கப் உள்ளே இருப்பது நல்லது. சால்டர் செய்யப் பயமாக இருந்தால் எடுத்து வாருங்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் இருப்பேன். சாதாரண லிஃப்ட் பழுது, சரக்கு லிஃப்டில் ஏறுங்கள். வரும்போது முதல் ஜோடி, அதன் எட்டு ஸ்குரூ, புதுக் கம்பி ஒரு செட், போன வருடத் தீபாவளி நிகழ்ச்சியின் பதிவு இருந்தால் அதுவும். அடிப் பஞ்சு தொலைந்துபோயிருந்தால் பரவாயில்லை, என்னிடம் இருக்கிறது.